எப்போது தேடலை நிறுத்துவது? - காணாமல் போன ஒரு வால்மீனும் காவலூரும்

ஜவ்வாது மலைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடி மூணு மணி நேரத்தைத் தொலைத்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன் :-)

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருத்தர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் சொல்லுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுதிவிட்டு மறுபடி அங்கேயே வைத்துவிட வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த சில நாட்களுக்குள், மே 3-ம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் புதைத்து வைத்து இதை ஆரம்பித்தார்.

எங்கள் செட்டில் ஒருத்தன், முன்பு குடும்பத்தோடு வந்தபோது தானே ஒளித்து வைத்த டப்பா அது. ஒளித்தவனே கூட இருந்தும் கிடைக்கவில்லை! முதல் அரை மணி நேரம் ஒழுங்காகத் தேடினோம். அப்புறம் பார்த்த பாறையையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். "இவ்ளோ நேரம் தேடியாச்சு, இப்ப விட்டா அத்தனையும் வேஸ்ட்டுடா" என்றான் அவன். பி.காம் படிக்கிறவன் சொல்லக் கூடாத வசனம். போன செலவை அடுத்த முடிவில் சேர்க்காதே என்று இரண்டாம் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பரீட்சையில் எழுதுவோம், மலையில் மறந்துவிடுவோம்.

இருட்டும் நேரத்துக்கு இறங்கினோம். வழியில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. தேடுவதையே சம்பளத்துக்குச் செய்கிற ஆட்கள் இருக்கும் இடமாயிற்றே, அவர்கள் எப்போது "போதும்" என்று எழுந்து போவார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. வீட்டுக்கு வந்து படித்தால், பதில் காவலூரில் தொடங்கவில்லை, சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்குகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் கட்டியது. மெட்ராஸ் அப்சர்வேட்டரி. அந்த வேலைகள் 1899-ல் கொடைக்கானலுக்குப் போயின. கொடைக்கானலில் 1960-ல் இயக்குநரான வைணு பாப்பு, இரவு வானத்துக்குத் தோதான இடமாகத் தேடிப் பிடித்ததுதான் ஜவ்வாது மலையின் காவலூர். 1968-ல் கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஆக நுங்கம்பாக்கமும் காவலூரும் ஒரே குடும்பம்தான், தாத்தாவும் பேரனும் மாதிரி.

தாத்தா காலத்தில், 1861-லிருந்து 1891-ல் சாகும்வரை, மெட்ராஸில் வானியலாளராக இருந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். நட்சத்திரப் பிரகாசத்தில் ஒரு படி என்றால் 2.512 மடங்கு என்ற கணக்கு இவருடையது. எட்டு சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர். அதில் ஐந்து மெட்ராஸிலிருந்து. 1861-ல் பிடித்த முதலாவதுக்கு 'ஏசியா' என்றே பேர் வைத்தார். (இவரிடம் உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

இப்போது காணாமல் போன பொருளுக்கு வருவோம். பியேலா வால்மீன். 1826-ல் வில்ஹெல்ம் ஃபான் பியேலா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி பார்த்தது. சுமார் ஆறரை வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1846-ல் வந்தபோது எல்லார் கண் முன்னாலும் இரண்டாகப் பிளந்தது. 1852-ல் ஜோடியாக வந்தது, நடுவே இருபது லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. 1859-ல் சூரியனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டதால் பார்க்க வழியில்லை. 1865-66-ல் நன்றாகத் தெரிய வேண்டிய தருணம். எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு தேடினார்கள். இல்லை.

இந்த 'இல்லை'தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 1859-ல் கிடைக்காததுக்கும் 1866-ல் கிடைக்காததுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது, பார்க்கவே முடியாததால் கிடைக்காதது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது, சரியான இடத்தில், தெளிவான வானத்தில், போதுமான தொலைநோக்கியில் பார்த்தும் கிடைக்காதது. இது ஒரு தகவல். எங்கள் பாஷையில் சொன்னால் நில் ரிட்டர்ன். வியாபாரம் எதுவும் நடக்காவிட்டாலும் ஜிஎஸ்டியில் பூஜ்யம் என்று போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தாக்கல் செய்த பூஜ்யமும் தாக்கலே செய்யாததும் ஒன்றல்ல.

அந்தப் பூஜ்யத்தின் அர்த்தம் 1872-ல் தெரிந்தது. நவம்பர் 27 இரவு, பூமி பியேலாவின் பாதையைக் கடந்த நேரத்தில், ஐரோப்பா முழுக்க எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. மணிக்கு ஆயிரக்கணக்கில். உடைந்த வால்மீனின் தூள் அது. ஜெர்மனியில் கோட்டிங்கன் வானாய்வகத்தில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ் ஒரு கணக்குப் போட்டார்: தூள் இந்தத் திசையிலிருந்து வந்தது என்றால், வால்மீனின் மிச்சம் இப்போது எதிர்த்திசையில், செண்டாரஸ் விண்மீன் குழுவில் 'தீட்டா' நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது. தெற்கே இருக்கும் யாராவது பார்க்க வேண்டும். நவம்பர் 30-ம் தேதி போக்சனுக்குத் தந்தி பறந்தது. ரஷ்யா வழியாகச் சுற்றி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மெட்ராஸ் வந்துவிட்டது. 1872-ல்! அங்கே தேடு என்று ஒரு இடத்தைக் குறித்துக் கண்டம் தாண்டி அனுப்பியது, இன்றைக்கு டப்பா தேடுகிறவர்களுக்கு எண்கள் வருகிற மாதிரியேதான்.

ஆனால் தேதியைப் பாருங்கள். கார்த்திகை மாசம், மெட்ராஸ், வடகிழக்குப் பருவமழை. அந்த நட்சத்திரம் விடியலுக்கு முன் கொஞ்ச நேரம்தான் கண்ணில் படும். முதல் இரண்டு விடியலும் மேகம். மூன்றாவது விடியலில் வானம் திறந்தது. சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு வால்மீன்! மறுநாள் மறுபடி பார்த்தார், சின்னதாக வாலும் தெரிந்தது. அதற்கப்புறம் மேகமும் மழையும். திரும்ப வானம் தெளிந்து அவர் தேடியபோது அது இல்லை.

ஒரு வால்மீனின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நாள் இடக்குறிப்பு வேண்டும். போக்சனிடம் இருந்தது இரண்டு. உலகத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. இருக்கிற இரண்டை வைத்துப் பின்னால் கணக்குப் போட்டவர்கள், அது பியேலாவின் பாதையில் பொருந்தவில்லை என்றார்கள். அப்படியென்றால் ஒன்றைத் தேடப் போய், அதே திசையில் சம்பந்தமே இல்லாத இன்னொன்றைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு தற்செயலை சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்று திட்டுவோம். போக்சன் தேடலைக் கைவிட்டது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஒரு மேகமில்லாத விடியல் கிடைத்திருந்தால் கதையே வேறு. ஆனால் பார்த்ததை நேரத்தோடும் இடத்தோடும் எழுதி வைத்தார், மூன்றாவதாக ஒன்றை ஊகித்துச் சேர்க்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

இனி பேரன் வீட்டுக்கு வருவோம். 1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் துலாம் ராசியில் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது. எத்தனை நேரம் மறைக்கிறது என்று அளந்தால் கோளின் விட்டம் கிடைக்கும், அவ்வளவுதான் திட்டம். அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழு தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தது. காவலூரில் 1972-ல் நிறுவிய 102 செ.மீ. தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும்.

மறைப்பு நேரம் பற்றிய கணக்கில் நிச்சயமில்லாததால், எலியட் குழு அரை மணி நேரத்துக்கும் முன்னாலேயே பதிவுக் கருவியை ஓடவிட்டது. கோள் வருவதற்கு ரொம்ப முன்பே நட்சத்திர ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. ஐந்து முறை. கோள் கடந்த பிறகு மறுபக்கமும் அதே மாதிரி. முதலில் அவர்களும் குட்டி நிலவுகளோ என்றுதான் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போனதும் வளையங்கள் என்று புரிந்தது.

காவலூரிலும் அந்த ஒளிச்சரிவு விழுந்தது. எடுப்பாகத் தெரிந்தது ஒன்றுதான், சில விநாடிகள். புதுத் துணைக்கோள் என்று முடிவு கட்டி, யுரேனஸுக்கு ஒரு புது நிலவு என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஒரு விடை கிடைத்ததும் தேடல் நின்றுவிட்டதே! ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே இரவின் அதே பதிவை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, சத்தம் என்று ஒதுக்கிய சின்னச் சின்னச் சரிவுகளைத் திரும்பப் பார்த்தார்கள். அதே 1977-லேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் 'நேச்சரி'ல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இந்த முறை சனியைப் போன்ற வளையத் தொகுதி என்று. முதல் விடையை விட்டுக்கொடுக்கத் தயங்கியிருந்தால் இது நடந்திருக்காது. ஒன்பது வருஷம் கழித்து, 1986 ஜனவரியில், வாயேஜர் 2 பக்கத்திலேயே போய் அந்த வளையங்களைப் படம் எடுத்தது. அதே மாதம் 6-ம் தேதிதான் ராஜீவ் காந்தி வந்து காவலூர் வானாய்வகத்துக்கும் புதிய 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார்.

சிறுகோள் விஷயத்திலும் தாத்தாவின் வேலையைப் பேரன்தான் தொடர்ந்தான். போக்சனின் கடைசிச் சிறுகோள் 'வேரா', 1885. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து ஒன்றும் இல்லை. 1987-ல் ஆர். ராஜமோகன் 'கல்கி' என்ற பெயரில் காவலூரில் சிறுகோள் தேடலைத் தொடங்கினார். 1988 பிப்ரவரி 17-ல் கிடைத்தது 4130 ராமானுஜன். இங்கே கிடைத்த இன்னொன்றுக்கு 8348 பட்டாச்சார்யா என்று பேர்.

கைவிடுவதற்கு வானியலில் அதிகாரபூர்வமாகவே ஒரு எழுத்து உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. 1995 முதல் நடைமுறையில் இருக்கும் பெயர் முறையில், தொலைந்த வால்மீனுக்கு 'டி'. பியேலா இப்போது 3டி/பியேலா. ஆனால் 'டி' போட்டுவிட்டால் கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தமில்லை. பர்னார்ட் 1892-ல் புகைப்படத்தில் பிடித்த ஒரு வால்மீன் அந்தத் தடவையோடு தொலைந்தது. 2008-ல் பொவாட்டினி என்பவர் புதுசு என்று நினைத்து ஒன்றைப் பிடிக்க, பாதையைக் கணக்கிட்டால் அதே பழைய ஆள்! 116 வருஷம் கழித்து 'டி' நீங்கி, 206பி என்று எண் கொடுத்தார்கள். பழைய குறிப்பில் இடமும் நேரமும் ஒழுங்காக இருந்ததால்தான் இரண்டும் ஒன்றே என்று சொல்ல முடிந்தது.

போக்சன் பார்த்ததுக்கு 'டி' கூடக் கிடைக்கவில்லை. அதற்கு 'எக்ஸ்', நம்பகமான பாதை கணக்கிட முடியாதது என்று பொருள். எக்ஸ்/1872 எக்ஸ்1. இரண்டு விடியற்காலைக் குறிப்புகளோடு பட்டியலில் அப்படியே இருக்கிறது.

எங்கள் டப்பாவுக்கு அதுவும் இல்லை. எந்தெந்தப் பாறையைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று ஒருத்தரும் குறித்து வைக்கவில்லை. நண்பன் அடுத்த லீவுக்கு மறுபடி போகலாம் என்கிறான். போனால் முதல் பாறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.