அடிக்குறிப்பில் ஒரு பியானோ கலைஞர்

1941 மார்ச் 10 அன்று நியூயார்க்கில் நான்கு பாடல்கள் பதிவாயின. இசைத்தட்டின் நடுவில் அச்சிடப்பட்ட பெயர் யூனா மே கார்லைல். ப்ளூபேர்ட் நிறுவனம் அவற்றை அவருடைய தட்டுகளாகத்தான் விற்றது. இன்று அந்த நான்கையும் கேட்க விரும்புகிறவர் பெரும்பாலும் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்கின் தொகுப்புகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. கவுன்ட் பேஸியின் குழுவைவிட்டு யங் விலகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த இடைக்காலத்தில் அவர் வாசித்த பதிவுகள் குறைவு என்பதால் சேகரிப்பாளர்கள் இவற்றைப் பொத்திப் பாதுகாத்தார்கள். கார்லைலின் குரல் அழியாமல் வந்து சேர்ந்ததற்கு யங்கின் புகழும் ஒரு காரணம். அதற்கான விலை, தன் சொந்தத் தட்டிலேயே அவர் விருந்தாளியாகிப்போனது.

யூனா மே கார்லைல் 1915 டிசம்பர் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஸேன்ஸ்வில் ஊரில் பிறந்த கறுப்பினப் பெண். 1932இல் சின்சினாட்டியில் பியானோ மேதை ஃபாட்ஸ் வாலர் அவரைச் சந்தித்தபோது பதின்வயதைத் தாண்டாத பெண். ஜாஸ் நூல்கள் இந்த இடத்தில் தவறாமல் எழுதும் சொல் ‘கண்டெடுத்தார்’. கண்டெடுக்க ஏதோ ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும் அல்லவா? வாலர் சந்தித்தது பியானோ வாசிக்கவும் பாடவும் தெரிந்த ஒருவரை. ‘ஸ்ட்ரைட்’ என்னும் பாணியில் இடக்கை தாழ்சுரத்துக்கும் நடுக்கட்டைகளின் கூட்டுச்சுரத்துக்கும் இடையே ஓயாமல் தாவ வேண்டும்; வலக்கை மெட்டைச் சொல்ல வேண்டும். அதற்கு மேலே பாடவும் செய்கிறவரின் மூளை மூன்று வேலைகளைப் பார்க்கிறது. ஆனால் அந்த நூல்கள் அதிகம் பேசுவது வாலருக்கும் அவருக்கும் காதல் இருந்ததா என்பதைப் பற்றி. ஒரு பெண்ணின் விரல்களைப் பற்றி எழுத வேண்டிய பக்கம் அவளுடைய படுக்கையறையைப் பற்றி எழுதி முடிந்துவிடுகிறது.

முப்பதுகளின் பிற்பகுதியில் கார்லைல் ஐரோப்பாவில் இருந்தார். 1938இல் லண்டனில் வோகேலியன் நிறுவனத்துக்காகத் தன் பெயரிலேயே ஒரு குழுவை வைத்துப் பதிவு செய்தார். டிரம்பெட் வாசித்த டேவ் வில்கின்ஸ், சாக்ஸபோன் வாசித்த பெர்டி கிங் போன்ற கரீபியக் கலைஞர்கள் அதில் இருந்தார்கள். 1939இல் பாரிஸில் கிளாரினெட் கலைஞர் டேனி போலோவின் குழுவுக்கு அவர் பியானோ வாசித்தார். கிட்டார் வாசித்தவர் அர்ஜென்டினாவின் ஆஸ்கார் அலெமன். முழுக்க ஆண்கள் நிறைந்த அந்தக் குழுவுக்கு அவர் பாடகியாகப் போகவில்லை, வாத்தியக்காரராகப் போனார். ஜாஸ் உலகம் பெண்ணை மைக்குக்கு முன்னால் எளிதாக ஏற்றுக்கொண்டது. வாத்தியத்துக்குப் பின்னால் உட்கார அவள் தன்னைத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருந்தது. நான் முதலில் குறிப்பிட்ட 1941ஆம் ஆண்டுப் பதிவில்கூடப் பியானோவில் இருந்தவர் க்ளைட் ஹார்ட். பியானோ தெரிந்தவர் பியானோ இல்லாமல் நின்று பாடினார்.

அமெரிக்கா திரும்பிய பின் அவர் வாழ்வில் நடந்த பெரிய நிகழ்வை எந்த ‘கண்டெடுப்பும்’ விளக்காது. அதை விளக்குவது ஒரு வணிகத் தகராறு. பாடல்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் ஆஸ்காப் என்ற அமைப்பு வானொலி நிலையங்களிடம் கூடுதல் கட்டணம் கேட்டது. நிலையங்கள் மறுத்தன. 1939இல் பிஎம்ஐ என்ற தங்களுடைய போட்டி அமைப்பையும் உருவாக்கிக்கொண்டன. 1941 ஜனவரி முதல் அக்டோபர் வரை பெரிய வானொலி வலையமைப்புகளில் ஆஸ்காப் பாடல்கள் ஒலிக்கவில்லை. அந்நாளைய புகழ்பெற்ற மெட்டுகளில் பெரும்பகுதி ஒரே இரவில் காற்றிலிருந்து மறைந்தது. ஆஸ்காப் உறுப்பினர்களில் கறுப்பின இசைஞர்கள் மிகச் சிலரே. இதுவரை வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பாடல்கள் வானொலிக்குத் திடீரெனத் தேவைப்பட்டன.

அந்தப் பிளவில் நுழைந்த பாடல்களில் ஒன்று ‘வாக்கிங் பை த ரிவர்’. 1940இல் பதிவானது, டிரம்பெட்டில் பென்னி கார்ட்டர். அடுத்தது ‘ஐ ஸீ எ மில்லியன் பீப்பிள்’. இரண்டுக்கும் வரிகள் எழுதியவர் ராபர்ட் சவர். ‘பாடி அண்ட் சோல்’ பாடலின் வரிகளில் பங்குள்ளவர், பின்னாளில் பிஎம்ஐயின் தலைவரானவர். இரண்டுக்கும் மெட்டு கார்லைலுடையது.

இதை நான் நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண் பாடகியின் பெயரும் ஆணின் பெயரும் சேர்ந்து வரும்போது, அவள் உணர்ச்சியைச் சொல்லாக்கினாள், அவன் அதற்கு இசைவடிவம் தந்தான் என்றுதான் நம் மனம் கணக்குப் போடுகிறது. கவிதை எழுதும் பெண்ணாக இந்தக் கணக்கு எனக்கு நன்றாகப் பழக்கம்: உணர்ச்சி எங்களுடையது, கட்டுமானம் வேறு யாருடையதோ. இங்கே சொல் ஆணுடையது, கட்டுமானம் பெண்ணுடையது. 1941இல் பென்னி குட்மன் இசைக்குழு அந்த இரண்டாவது பாடலைப் பதிவு செய்தது. பாடியவர், குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்த பெகி லீ. பெகி லீ உலகப் புகழ் பெற்றார். அவருடைய தொடக்ககாலப் பதிவுகளைத் தேடிக் கேட்கிறவர்கள், பெயர் தெரியாமலே கார்லைலின் மெட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கதவு திறந்தே இருக்கவில்லை. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளை நிறுத்தி வேலைநிறுத்தம் தொடங்கியது. ப்ளூபேர்டின் தாய் நிறுவனமான விக்டர் 1944 நவம்பரில்தான் உடன்பாட்டுக்கு வந்தது. போர் காரணமாக, தட்டு செய்யும் அரக்கும் அரிதானது. கார்லைல் மீண்டும் பதிவு செய்தது பீக்கன் என்ற சிறு நிறுவனத்துக்கு. நாற்பதுகளில் அவர் பெயரிலேயே ஏபிசி வலையமைப்பில் வானொலி நிகழ்ச்சி வந்தது. காசு போட்டால் மூன்று நிமிடம் ஓடும் ‘சௌண்டீஸ்’ குறும்படங்களிலும், ‘போர்டிங் ஹவுஸ் ப்ளூஸ்’ (1948) என்ற கறுப்பினக் கலைஞர்களின் படத்திலும் அவரைப் பார்க்கலாம்.

இவையெல்லாம் எஞ்சியவை. எஞ்சாதது அவருடைய அன்றாட வேலை. கிளப்பிலும் விடுதியின் மதுக்கூடத்திலும் ஒரு பியானோ, ஒரு பெண். பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பவர்களுக்கு நடுவே வாசிப்பு. முதலாளிக்கு ஒரு குழு செய்யும் வேலை ஓர் ஆளின் கூலியில் கிடைத்துவிடுகிறது. அவள் அறையின் மனநிலையைக் கவனிக்க வேண்டும், கேட்ட பாட்டை வாசிக்க வேண்டும், சிரிக்கவும் வேண்டும். இசை விமர்சகர்கள் இதைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கினார்கள். நள்ளிரவுக்குப்பின் ஆண்கள் கூடித் தமக்குள் வாசித்ததைக் ‘கலை’ என்றார்கள். சமையலுக்கும் விருந்துக்கும் இடையே நம் வீடுகள் போடும் அதே கோடுதான் இது. ஒவ்வோர் இரவும் நடந்து ஒவ்வோர் இரவும் மறைகிற உழைப்பு ஆவணமாவதில்லை. ஆவணமாகாததை வரலாறு சிறியது என்று எழுதிவிடுகிறது.

கார்லைலுக்குக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் தீராத அழற்சி இருந்தது. நாற்பதுகளின் தொடக்கத்திலிருந்தே அது அவரை மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. காதால் பிழைத்தவரைக் காதே வீழ்த்தியது. ஐம்பதுகளில் மேடையைவிட்டு விலகினார். 1956 நவம்பர் 7 அன்று நியூயார்க்கில் இறந்தபோது வயது 40.

மறக்கப்பட்டவர் என்று அவரைச் சொல்ல எனக்குத் தயக்கம். அவர் பெயர் எல்லாப் பட்டியல்களிலும் இருக்கிறது: வாலரின் பட்டியலில், யங்கின் பட்டியலில், கார்ட்டரின் பட்டியலில், பெகி லீயின் பட்டியலில். பிறருடைய பட்டியல்களில் சிதறிக் கிடப்பதும் ஒருவகை மறைவுதான். அந்தத் தாள்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் தெரிவது ஒரு முழு வாழ்க்கை: குழுவை நடத்தியவர், வாத்தியம் வாசித்தவர், மெட்டமைத்தவர், பாடியவர். அடுக்கும் வேலையைச் செய்யாமல், சான்றில்லை என்று சொல்வது நமக்கு வசதியாக இருந்திருக்கிறது.