தஞ்சைப் பளிங்கில் புதுச் செவ்வியற் கலை

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கலையில் இருவேறு நெறிகள் காணப்படும். ஒன்று ரோகோகோ; மற்றொன்று புதுச் செவ்வியல். முன்னையது, 1715இல் பதினான்காம் லூயி மறைந்த பின்னர்ப் பாரிசு மாளிகைகளில் தழைத்தது. வளைந்தோடும் கோடும், சிப்பி வடிவ அணிவேலையும், மென்னிறமும், காதல் விளையாட்டும் அதன் இயல்புகள். எர்குலேனியம் 1738இலும் பாம்பெயி 1748இலும் அகழப்பெறத் தொடங்கவே, பழங்கலையின்பால் நாட்டம் பெருகிற்று. விங்கல்மன் 1764இல் வெளியிட்ட பழங்கலை வரலாற்று நூல் அந்நாட்டத்திற்குக் கொள்கை வகுத்தது. தெளிந்த கோடு, அடங்கிய உணர்ச்சி, அறமுணர்த்தும் பொருள் என்பன புதுச் செவ்வியலின் இலக்கணமாயின.

இந்நெறியின் சிறந்த படைப்பொன்று தமிழகத்திலேயே உள்ளது. தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகேயுள்ள தேவாலயத்தின் பளிங்குப் புடைப்புச் சிற்பமே அது. 1798 பிப்ரவரியில் மறைந்த செருமானிய சமயத்தொண்டர் சுவார்ட்சின் நினைவாக, இரண்டாம் சரபோசி மன்னர் அதனை இங்கிலாந்திலிருந்து வருவித்தார். வடித்தவர், 1787 முதல் 1794 வரை உரோமையில் தங்கிப் பழஞ்சிற்பங்களைப் பயின்ற ஜான் பிளாக்ஸ்மன்.

சிற்பத்தில் சுவார்ட்சு படுக்கையில் கிடக்கிறார். சரபோசி அவர் கையைப் பற்றி நிற்கிறார். தலைமாட்டில் கெரிக்கே என்னும் தொண்டரும், மன்னர்பின் ஏவலர் இருவரும், கட்டிலருகே பள்ளிச் சிறுவர் மூவரும் உளர். கதறலும் இல்லை, மிகையான அணியும் இல்லை. நல்லாசான் ஒருவனின் இறுதி வேளையில் மாணாக்கர் சூழ்ந்திருத்தல் புதுச் செவ்வியலார் விரும்பிய பொருளாகும். தாவீது 1787இல் வரைந்த சாக்ரடீசின் மரணம் அதற்குத் தக்க சான்று.

ஆயின் இதனை இறக்குமதிப் பொருளென்று மட்டும் கொண்டு தமிழகக் கலைவரலாற்றினின்று நீக்குதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் கருத்து. துளசா மன்னர் 1787இல் இறக்குமுன் தம் தத்துப் பிள்ளையாகிய சரபோசியைச் சுவார்ட்சிடம் ஒப்படைத்தார். அரியணையேறிய அமர்சிங்குக்கு எதிராகச் சரபோசியின் உரிமையை நிலைநாட்ட உழைத்தவரும் சுவார்ட்சே. ஆசான் இறந்த பின்னரே, அவ்வாண்டு சூனில், சரபோசி அரசரானார். மறு ஆண்டு உடன்படிக்கையால் ஆட்சிப் பொறுப்பு கும்பினியார் கைக்குப் போயிற்று. எனவே அதிகாரம் இழந்த மன்னர் ஒருவர், தம் உரிமையின் வரலாற்றையும் நன்றியையும் ஒருங்கே கல்லில் பதித்தார் எனலாம்.

இவ்வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. விக்கிரமங்கலத்தை உள்ளடக்கிய அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசுவர அருள்மூர்த்தியைக் காண்க. இறைவன் அடியார் தலையில் மாலை சூட்டும் அச்சிற்பத்தில், இராசேந்திரன் பெற்ற வெற்றியின் குறிப்பையும் அறிஞர் சிலர் காண்பர். அங்கே அருள் மேலிருந்து இறங்குகிறது. தஞ்சையிலோ மன்னர் தாமே ஆசான் கையைப் பற்றுகிறார். வடிவம் உரோமையிலிருந்து வந்தது. அதனை வேண்டிய உள்ளம் தஞ்சையினது. ஆகவே, எங்கே செதுக்கப்பட்டது என்பதோடு எவர் தேவைக்காகப் பிறந்தது என்பதையும் நோக்கியே ஒரு படைப்பின் நாட்டினைத் துணிதல் வேண்டும்.