பட்டம் கட்டும் கையும் பாலம் கட்டும் கையும்

செந்தூல் என்றதும் நம் பெரியவர்களின் நினைவுக்கு வருவது அங்கிருந்த இரயில்வே பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பட்டறையில் நம்மவர் பலர் நீராவி எந்திரங்களைப் பழுதுபார்த்தனர், பெட்டிகளைப் பூட்டினர். 1945 ஆம் ஆண்டில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியதில் அது பெருஞ்சேதம் அடைந்தது. பின்னர் மீண்டும் எழுந்து பல்லாண்டு உழைத்தது. இன்று அந்த வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. அங்கு வேலை பார்த்தவர்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள் சிலரே. ஆயினும் அளந்து, வெட்டி, பொருத்தி, சோதித்துப் பார்க்கும் அறிவு அவர்கள் கையில் இருந்தது. அந்த அறிவுக்குத்தான் பொறியியல் என்று பெயர்.

அதை நம் பிள்ளைகளுக்குத் தொடங்கி வைக்கப் பெரிய கருவிகள் வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு மூங்கில் துண்டு, மெல்லிய தாள், நூல் ஆகியவை போதும். ஆம், பட்டத்தைத்தான் சொல்கிறோம். "பட்டம் விடுகிறவன் எங்கே படிக்கப்போகிறான்?" என்று நாம் கடிந்துகொள்வதுண்டு. சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நயாகரா ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அதன் அகலம் ஏறக்குறைய 800 அடி. 1848 ஆம் ஆண்டில் அங்கே தொங்குபாலம் கட்ட வந்த சார்லஸ் எல்லெட் என்ற பொறியாளருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. முதல் கயிற்றை அக்கரைக்குக் கொண்டுபோவது எப்படி? கீழே வேகமான நீரோட்டம், படகு செல்லாது. எனவே பட்டம் விட்டு நூலைக் கரை சேர்ப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார்கள்.

ஹோமன் வால்ஷ் என்ற சிறுவன் முன்வந்தான். காற்று வீசும் திசையைக் கவனித்து, கனடாக் கரைக்குச் சென்று அங்கிருந்து பட்டத்தை ஏற்றினான். முதல் முறை நூல் அறுந்துபோயிற்று. அவன் சோர்ந்துவிடவில்லை. பட்டத்தைச் சீர்செய்து மறுபடியும் விட்டான். நூல் கரை சேர்ந்தது. அந்த நூலில் தடித்த நூலைக் கட்டி இழுத்தார்கள். அதன் பின் கயிறு. கயிற்றின் பின் கம்பி வடம். அதே ஆண்டில் அங்கே பாலம் அமைந்தது. 1855 ஆம் ஆண்டில் ஜான் ரோப்லிங் அவ்விடத்தில் கட்டிய பெரிய தொங்குபாலத்தின் மேல் இரயில் வண்டியே ஓடியது!

ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் இருந்தார். இளமையில் நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பட்டறையில் தொழில் பழகியவர். அவர் பெட்டி வடிவில் பட்டங்கள் செய்து, 1894 நவம்பர் 12 ஆம் நாள், நான்கு பட்டங்களைச் சேர்த்துத் தம்மையே 16 அடி உயரம் தூக்கச் செய்தார். மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், இறக்கையை முறுக்கினால் விமானத்தைச் சாயாமல் நிறுத்தலாம் என்பதை 1899 ஆம் ஆண்டில் ஒரு பட்டத்தைக் கொண்டே சோதித்தனர். 1903 ஆம் ஆண்டில் அவர்களுடைய விமானம் பறந்தது.

நம் நாட்டிலும் இந்தக் கலைக்குக் குறைவில்லை. கிளந்தானின் 'வாவ் புலான்' 1989 ஆம் ஆண்டு வெளியான 50 சென் நாணயத்தில் இடம்பெற்றது. வாவில் வில்போலக் கட்டும் 'பூசூர்' காற்றில் அதிர்ந்து ரீங்காரம் இடும். யாழ்ப்பாணத் தமிழர் தம் பட்டத்தில் கட்டும் 'விண்' என்பதும் இதே வேலையைச் செய்கிறது. கடல் பிரித்த இரு இடங்களில் ஒரே நுட்பம்!

இனி, நம் பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் சொல்வோம். உலர்ந்த மூங்கிலைச் சீவி, நடுக்குச்சியின் இரு பக்கமும் எடை ஒன்றாக இருக்கிறதா என்று விரலில் நிறுத்திப் பார்க்கட்டும். அடுத்தது, பட்டத்தையும் பறக்கவிடும் நூலையும் இணைக்கும் கட்டு. தமிழகத்தில் இதைச் சூத்திரம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் முச்சை. அதன் முடிச்சை மேலே நகர்த்தினால் பட்டம் படிந்து நிற்கும். அது பலத்த காற்றுக்கு ஏற்றது. கீழே நகர்த்தினால் நிமிர்ந்து நிற்கும். அது மெல்லிய காற்றுக்கு ஏற்றது. பட்டம் சுழன்றால் வாலை நீட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, விளைவை நோட்டில் எழுதட்டும். இப்படிச் செய்யும்போது விளையாட்டு ஆராய்ச்சியாகிறது.

ஓர் எச்சரிக்கை. செந்தூல் வழியே 1995 ஆம் ஆண்டு முதல் மின்சார இரயில் ஓடுகிறது. தண்டவாளத்தின் மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. இரயில் பாதை, மின்கம்பம், சாலை ஆகியவற்றின் அருகே பட்டம் விடவே கூடாது. திறந்த திடலே ஏற்ற இடம். கண்ணாடித்தூள் பூசிய நூலும் வேண்டாம்.

பெற்றோர்களே! பொறியாளர் வேலை நமக்கு எட்டாதது என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். பட்டம் கீழே விழுந்தால், "ஏன் விழுந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு அவன் தேடும் விடையில்தான் கல்வி தொடங்குகிறது.