திரைவாசிப்பான் சில தமிழ்க் கோப்புகளை ஏன் வாசிப்பதில்லை?

போரில் பார்வையை இழந்த பிறகு கணினி பழகியவர்கள் எங்களில் பலர். உருத்திரபுரத்தில் நானும் ஒருவன். பாவிப்பது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான். 2006இல் அதை எழுதத் தொடங்கிய அவுஸ்திரேலியரான மைக்கல் கரனும் பார்வையற்றவர்தான்.

"தமிழை வாசிக்குதில்லை" என்பவர்களிடம், கோப்பு பாமினியிலா என்றுதான் முதலில் கேட்பேன். பாமினியில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கும். மென்பொருள் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியைத்தான் வாசிக்கிறது. அதனால் காணிப் படிவமும் இழப்பீட்டுக் கடிதமும் வெறும் உளறலாகக் கேட்கும். வாசிக்க இன்னொருவரைத் தேடவேண்டும். எல்லாக் கடிதங்களும் மற்றவருக்குக் காட்டக்கூடியவை அல்லவே.

முழுவதையும் பிரதியெடுத்து, பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி, யுனிகோடாக மாற்றினால் வாசிக்கும். யுனிகோடிலும் மௌனம் என்றால் குறை குரலில். இன்சேர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி இஸ்பீக்கைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு எஸ்ஸுக்குப் பதில் வி அழுத்தி, குரலைத் தமிழாக்குங்கள். இயந்திரக் குரல்தான், கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

ஸ்கான் செய்த பிடிஎப் வேறு கதை. அது வெறும் படம், மாற்றியும் உதவாது. அனுப்பியவரிடம் மூலக் கோப்பையே யுனிகோடில் கேளுங்கள்.