டெக்கில் போனவர்களின் கணக்கு

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கப்பல் நல்லதா, விமானம் நல்லதா என்று கேட்டேன். "நூலு சீனாவுலேர்ந்து கப்பல்ல வருது, சேல பிளேன்ல சிங்கப்பூர் போவுது. நான் இந்தக் குழியத் தாண்டல. எங்கிட்ட போய் கேக்கறியே தம்பி" என்றார். சூழலியல் பேசும் நம் கட்டுரைகளில் இந்தப் பதிலுக்கு இடமில்லை. கணக்கு மட்டுமே உண்டு.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, பெரிய சரக்குப்பெட்டிக் கப்பல் வெளியிடும் கரியமில வாயு சுமார் 10 முதல் 20 கிராம். விமானம் வெளியிடுவது 500 கிராமுக்கு மேல். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ. முக்கால் கிலோ பட்டுச்சேலை வானில் போனால் ஒரு கிலோவுக்கு மேல் புகை, அதாவது சேலையைவிடக் கனம். கடலில் போனால் ஐம்பது கிராமைத் தாண்டாது.

ஆகவே கப்பல் புனிதம் என்று முடித்துவிட வரலாறு விடுவதில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி இருந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய கூலிகள் இப்படித்தான் கடல் கடந்தார்கள். ஆள் ஒன்றுக்கு எரிந்த எரிபொருள் குறைந்ததென்றால், ஆள் ஒன்றுக்குக் கொடுத்த இடம் குறைந்ததால்தான். இன்றைய உல்லாசக் கப்பலிலோ நீச்சல்குளமும் நடன அரங்கும் கூடவே மிதக்கின்றன. பயணி ஒருவருக்கான புகை பல சமயம் விமானத்தையும் மிஞ்சுகிறது. எனவே கேள்வி கடலா வானா என்பதல்ல. யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எவ்வளவு வேகம் என்பதே.

ரஜுலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்தது. அத்தோடு அந்த வழியும் நின்றது. இன்று மலேசியாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர் விமானத்தைத் 'தேர்ந்தெடுக்க'வில்லை. வேறு வழி விட்டுவைக்கப்படவில்லை. அவரையும் மாதம் இருமுறை பறக்கும் முதலாளியையும் 'பயணி' என்ற ஒரே சொல்லில் அடைப்பது கணக்கல்ல, அரசியல்.

1997 கியோத்தோ உடன்படிக்கை சர்வதேசக் கப்பல், விமானங்களின் புகையை எந்த நாட்டின் கணக்கிலும் ஏற்றவில்லை. இரண்டு சர்வதேச அமைப்புகளிடம் தள்ளிவிட்டது. ஆனால் சுமை யார் தலையிலாவது இறங்கத்தான் செய்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி, கரையொதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும், ஏரியையும் வயலையும் காக்க ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். இவர்களில் எத்தனை பேர் கப்பலோ விமானமோ ஏறியிருப்பார்கள்?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. கடல்வழிகள் மீள வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன். ஆனால் அந்த டெக்கை அல்ல.