தோட்டாவைத் தேடிய கருவி – மெட்டல் டிடெக்டரின் கதை

விமான நிலையமானாலும் சரி, பெரிய கோவிலானாலும் சரி, வாசலில் கதவில்லாத ஒரு நிலை நிற்கிறது. அதைக் கடக்கும்போது சில நேரம் 'பீப்' என்று சத்தம் கேட்கும். சாவிக்கொத்து, பெல்ட், சில்லறைக் காசு என ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் நடக்க வேண்டும். சென்சார் எனப்படும் உணர்கருவிகளில் பொதுமக்களுக்கு மிகவும் பழக்கமானது இந்த மெட்டல் டிடெக்டர்தான். ஆனால் இதன் வரலாற்றின் முதல் பெரிய சம்பவம் நடந்தது காவல் நிலையத்தில் அல்ல, ஒரு நோயாளியின் படுக்கை அருகில்!

அந்த நோயாளி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு. பதவியேற்று நான்கு மாதம்கூட முடியாத நிலையில், 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் அவரைப் பின்னாலிருந்து சுட்டான். ஒரு தோட்டா கையை உரசிச் சென்றது. மற்றொன்று முதுகின் வலப்புறம் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். ஆகவே மருத்துவர்கள் காயத்துக்குள் கழுவாத விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவினார்கள்.

செய்தித்தாளில் இதைப் படித்து உதவ முன்வந்தவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். ஆம், 1876-ல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அதே பெல்! அவருடைய யோசனை எளிமையானது. இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றின் விளைவை மற்றொன்று சரிக்கட்டும்படி அமைத்து மின்சாரம் செலுத்தினால், அவற்றுடன் இணைத்த தொலைபேசியில் சத்தமே கேட்காது. அருகில் உலோகம் வந்தால் அந்தச் சமநிலை குலைந்து ரீங்காரம் கேட்கும். உள்நாட்டுப் போரில் காயம்பட்டு, உடலில் தோட்டாவோடு வாழ்ந்துவந்த பழைய வீரர்களிடம் பெல் இதைச் சோதித்துப் பார்த்தார். கருவி வேலை செய்தது.

ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த முதல் முயற்சி, கருவியில் ஒரு இணைப்பு தவறாக இருந்ததால் வீணானது. ஆகஸ்ட் 1 அன்று மீண்டும் முயன்றார். இந்த முறை சத்தம் கேட்டது. ஆனால் ஒரு புள்ளியில் அல்ல, பரவலாக, மெல்லியதாகக் கேட்டது. பெல்லுக்குக் குழப்பம். பிறகு விசாரித்தபோதுதான் ஜனாதிபதியின் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது தெரியவந்தது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. தலைமை மருத்துவர் பிளிஸ், தோட்டா வலப்புறம்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். பெல்லைத் தேட விட்டதும் வலப்புறத்தில் மட்டுமே. செப்டம்பர் 19 அன்று, சுடப்பட்ட 79-வது நாளில், கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தோட்டா முதுகெலும்புக்கு இடப்புறம், கணையத்துக்குப் பின்னால் கிடைத்தது! அவருடைய உயிரைப் பறித்தது தோட்டாவைவிட, காயத்தில் ஏறிய சீழும் கிருமியும்தான் என்பது இன்றைய மருத்துவ வரலாற்று அறிஞர்கள் பலரின் கருத்து.

அன்று தோற்றுப்போனது பெல்லின் கருவி என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது தன் வேலையைத்தான் செய்தது. 'இங்கே உலோகம் இருக்கிறதா?' என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த கேள்வி. மெத்தையில் இருந்தது, இருக்கிறது என்றது. எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்தது மனிதன்தான். இந்தக் கருவியின் பிற்கால வரலாறு முழுவதிலும் இதே பாடம் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் கெர்ஹார்டு ஃபிஷர், தன் மெட்டல் டிடெக்டருக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் இருந்த போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கோசட்ஸ்கி, ஒரு வீரர் தனியாகத் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி கண்டறியும் கருவியை 1941-ல் உருவாக்கினார். 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமெய்ன் போர்க்களத்தில் இத்தகைய 500 கருவிகள் பயன்பட்டன. பாதை துப்புரவு செய்யும் வேகம் மணிக்கு 100 சதுர மீட்டரிலிருந்து 200 சதுர மீட்டராக உயர்ந்தது. கோசட்ஸ்கி காப்புரிமை கேட்கவில்லை. கோடிக்கணக்கில் பணம் தரக்கூடிய ஒரு கண்டுபிடிப்பை பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார்!

எதிரி சும்மா இருப்பானா? உலோகத்தைத்தான் கருவி உணர்கிறது என்றால் உலோகத்தைக் குறைத்துவிட்டால் போதுமே! ஜெர்மானியர்கள் மரப்பெட்டியிலும் கண்ணாடியிலும் கண்ணிவெடிகள் செய்தார்கள்.

விமான நிலையங்களிலும் இதே கதைதான். 1960-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் விமானக் கடத்தல்கள் பெருகின. 1972 நவம்பரில் ஒரு விமானத்தைக் கடத்தியவர்கள், ஓக் ரிட்ஜ் அணு உலை மீது அதை மோதப்போவதாக மிரட்டினார்கள். 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது அங்கே கட்டாயமானது. கடத்தல்கள் வெகுவாகக் குறைந்தன. துப்பாக்கியும் கத்தியும் உலோகம். கருவி அவற்றைக் கண்டுபிடித்தது. ஆனால் 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில், உள்ளாடையில் வெடிமருந்துப் பொடியை மறைத்துக்கொண்டு ஒருவன் ஏறிவிட்டான். பொடியில் உலோகம் இல்லை. அதனால் 'பீப்' சத்தமும் இல்லை. வெடி சரியாக வெடிக்காததாலும் சக பயணிகள் பாய்ந்து பிடித்ததாலும்தான் விமானம் தப்பியது. அதன் பிறகே உடல் முழுவதையும் படம்பிடிக்கும் ஸ்கேனர்கள் வேகமாகப் பரவின.

இதற்கு நேர்மாறான சிக்கலை இலங்கையின் வடக்கில் பார்க்கலாம். 2009-ல் போர் முடிந்த பிறகு, முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர்கள் அவர்களில் பலர். அந்த மண்ணில் ஷெல் துண்டு, துப்பாக்கி ரவை, ஆணி, தகரம் என எல்லாம் கலந்து கிடந்தன. கருவிக்கு எல்லாம் ஒன்றுதான். பெரும்பாலான சத்தங்கள் வெறும் இரும்புத் துண்டுகளே. ஆனாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலிட்டு, கண்ணிவெடி என்றே எண்ணி, மண்ணை விரற்கடை விரற்கடையாக விலக்கிப் பார்க்க வேண்டும். தொண்ணூற்றொன்பது தடவை இரும்புத் துண்டு வந்ததே என்று நூறாவது தடவை அலட்சியமாக இருக்க முடியாது.

கருவி சத்தம் போடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தச் சத்தம் தோட்டாவா, மெத்தைக் கம்பியா, கண்ணிவெடியா என்று பார்ப்பதும், சத்தமே வராத இடத்தில் என்ன இருக்கலாம் என்று சந்தேகப்படுவதும் மனிதனின் வேலை. 1881-ல் ஒருவர் இடப்புறமும் தேடிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால், பெல்லின் கருவி அந்தத் தோட்டாவைக் கண்டுபிடித்திருக்கக்கூடும்.