புட்டியில் இல்லாத ஆண்டு

லெபனானின் ஷத்தோ மூசார் ஒயினைச் சேகரிப்பவர்கள் புட்டிகளை ஆண்டு வரிசையில் அடுக்கி வைப்பார்கள். 1974, 1975, அடுத்து 1977. நடுவில் 1976 இருக்காது. உடைந்துபோகவும் இல்லை, விற்றுத் தீரவும் இல்லை. அந்த வருஷம் அவர்கள் ஒயினே செய்யவில்லை.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். சர்வர் லாகில் ஒரு வரி விடுபட்டிருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். மூசாரின் கதைக்குள் நான் போனதும் இந்த ஓட்டை வழியாகத்தான்.

1930ஆம் ஆண்டு. லெபனான் அப்போது பிரெஞ்சு ஆளுகையில் இருந்தது. போர்தோ பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த காஸ்டோன் ஹொஷார் என்ற இருபது வயது இளைஞர், காஸிர் என்ற மலையூரில் ஒரு பழைய கோட்டையின் நிலவறையில் ஒயின் செய்ய ஆரம்பித்தார். காஸிர் பெய்ரூட்டுக்கு வடக்கே, கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களோ மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பெக்கா பள்ளத்தாக்கில். எல்லைக்கோடு மாறி பெக்கா நாளைக்கு சிரியாவோடு போய்விடுமோ என்ற சந்தேகத்தில்தான் ஆலையை இந்தப் பக்கம் வைத்தார் என்று குடும்பத்தார் சொல்வதுண்டு. அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முடிவு. பின்னால் அதுவே பெரிய தலைவலி ஆனது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் திராட்சையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நெல்லை அறுத்துக் களத்தில் காயப்போடலாம். பறித்த திராட்சை காத்திருக்காது. கூடையின் அடியில் உள்ள பழம் மேலே இருக்கும் பாரத்தில் நசுங்கும், சாறு கசியும். தோலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். வெயில் இருந்தால் இன்னும் வேகம். தாமதமானால் சாறு வினிகர் பக்கம் திரும்பும். அமைதிக் காலத்தில் இது பிரச்சினையே இல்லை. சில மணி நேரத்தில் லாரி சுமார் 1,500 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி காஸிர் வந்துவிடும்.

1975இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடுத்த ஆண்டு சிரிய ராணுவம் உள்ளே வந்து பெக்காவில் நிலைகொண்டது. காஸிர் இருந்த பகுதி கிறிஸ்தவப் படைக்குழுக்களின் கையில். ஆக, தோட்டம் ஒருவர் கட்டுப்பாட்டில், நிலவறை இன்னொருவர் கட்டுப்பாட்டில். நடுவில் எத்தனை சோதனைச் சாவடி, எது இன்றைக்கு யாருடையது என்று ஓட்டுநருக்கே தெரியாது. 1976இல் பழம் காஸிருக்கு வந்து சேரவே இல்லை.

அப்போது ஒயின் செய்துகொண்டிருந்தவர் காஸ்டோனின் மகன் செர்ஜ். போர்தோவில் படித்தவர், 1959இலிருந்து பொறுப்பில் இருந்தவர். தம்பி ரொனால்ட் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். போருக்கு முன்புவரை வாங்குபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்; அந்தச் சந்தை படுத்துவிட்டது. 1979இல் செர்ஜ் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சிக்குப் புட்டிகளைக் கொண்டுபோனார். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் மைக்கேல் பிராட்பென்ட், மூசார் 1967ஐ அந்தக் கண்காட்சியின் கண்டுபிடிப்பு என்றார். வீட்டுக்கதவு மூடிய நேரத்தில் வெளிநாட்டு ஜன்னல் திறந்தது.

1984 இன்னொரு சோதனை. முந்தைய ஆண்டு மூண்ட சண்டையில் பெய்ரூட் - டமாஸ்கஸ் சாலை கடந்துபோகும் மலைப்பகுதியே போர்க்களமாகியிருந்தது. லாரிகள் சுற்றுவழியில் பல நாள் அலைந்தன. காஸிருக்கு வந்தபோது பழம் வண்டியிலேயே நொதிக்க ஆரம்பித்திருந்தது. எந்தக் கல்லூரிப் பாடமும் இதைக் குப்பையில் கொட்டச் சொல்லும். செர்ஜ் அதிலிருந்தும் ஒயின் செய்தார். ஆனால் வழக்கம்போல் சந்தைக்கு அனுப்பாமல் நிலவறையிலேயே வைத்துக்கொண்டார். அதே 1984இல்தான் பிரிட்டனின் டிகான்டர் இதழ் தன் முதல் ‘ஆண்டின் மனிதர்’ விருதை அவருக்குக் கொடுத்தது.

பதினைந்து வருஷப் போரில் விடுபட்டவை என்று பார்த்தால் இந்த இரண்டு ஆண்டுகள்தான். விளம்பரத்துக்கு அட்டகாசமான கதை, இல்லையா? குண்டுமழைக்கு நடுவே ஒயின்! எனக்கும் முதலில் அப்படித்தான் சிலிர்த்தது. பிறகு ஒரு கேள்வி நெருடியது. அந்த லாரியை ஓட்டினது யார்?

செர்ஜின் துணிச்சல் நிஜம், அதில் சந்தேகமில்லை. அவர் நாட்டை விட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. ஆனால் சாவடியில் துப்பாக்கிக்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் பழம் புளிக்கும் வாசனையோடு உட்கார்ந்திருந்தவர் ஓட்டுநர். கொடியிலிருந்து அதைப் பறித்தவர்கள் பெக்காவின் பெதூயின் குடும்பங்கள். எந்தப் படை வந்தாலும் செப்டம்பரில் பழம் பழுக்கும், பறித்தால்தான் கூலி. புட்டியின் லேபிளில் குடும்பப் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. இவர்கள் பெயர் இல்லை. குடும்பத் தொழில் என்று நாம் சொல்லும்போது எந்தக் குடும்பத்தை எண்ணுகிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

செர்ஜ் 2014 டிசம்பர் 31 அன்று மெக்சிகோவில் நீந்தும்போது இறந்தார். இப்போது அடுத்த தலைமுறை நடத்துகிறது. மூசாரில் ஆவியாகும் அமிலம் கூடுதல், அது குறைதான் என்று கறாரான சுவைஞர்கள் இன்றும் சொல்கிறார்கள். ரசிகர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள். சிவப்பு ஒயின் அறுவடையிலிருந்து ஏறக்குறைய ஏழு வருஷம் கழித்துத்தான் கடைக்கு வரும். அதாவது 1983இல் பறித்தவர்கள் அது விற்பனைக்கு வரும் நாளில் நாடு இருக்குமா என்றே தெரியாமல்தான் பறித்திருக்கிறார்கள்.

போர்களின் தேதிகளை யாராவது எழுதிவைத்துவிடுகிறார்கள். ஒரு சாலை எந்த வாரம் திறந்திருந்தது, எந்த வாரம் மூடியிருந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. காஸிர் நிலவறையில் அது எழுதப்பட்டிருக்கிறது. 1977 புட்டி இருக்கிறது என்றால், அந்த வருஷம் யாரோ ஒரு ஓட்டுநர் கணவாயைத் தாண்டி வந்து சேர்ந்தார் என்று அர்த்தம்.